மூன்று மாதப் புகை

மோர்ச்சோற்றை வாயில் வைத்தால் பல்லுக்கிடையே "நறுக்"கென்று ஏதோ கடிபடும். அது கல் அல்ல, ரயில் என்ஜின் கக்கிய கரித்துகள். எங்கள் வீட்டில் அதற்குக் "கரிப்பூச்சி" என்று பெயர். பறந்து வரும், உட்காரும், தட்டினால் துணியில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் போகும்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லை மட்டும் எங்கே என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நைனா தினமும் காலையில் புத்தூரில் பாசஞ்சர் ஏறி, திருப்பதி ஜவுளிக்கடை ஒன்றில் நாளெல்லாம் நின்று துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் கரிப்பூச்சிகளோடு திரும்புவார். வண்டியில் ஊர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று எதிரெதிர் பலகையில் உட்கார்ந்து கத்துவார்களாம். காற்று மாறிப் புகை உள்ளே திரும்பினால் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாக எழுந்து ஒரே பக்கத்து ஜன்னலை இறக்குமாம்.

அம்மாவுக்கு "இழுப்பு" உண்டு. நாங்கள் இருந்தது தண்டவாளத்துக்குக் கிழக்கே. ஆடியில் மேல்காற்று அடித்தால், வழிவிடக் காத்து நிற்கும் கூட்ஸ் வண்டியின் புகையெல்லாம் நேராக எங்கள் சமையலறைக்கு வரும். அம்மா இரண்டு வாய்ச் சோற்றுக்கு ஒருமுறை கையை நிறுத்தி மூச்சைத் தேடுவாள். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்த நைனா, மேற்குப் பக்கம் வீடு மாறுவதென்று தீர்மானித்தார். காலியாக இருந்த வீடொன்றின் கொல்லையில் ஈரக் கைக்குட்டையைக் கட்டி, ஒரு வாரம் கறை படிகிறதா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம், பத்து வயதுப் பெண்ணான எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நான் என்னைக் "காத்து இன்ஸ்பெக்டர்" என்று சொல்லிக்கொண்டேன். யாரும் மதிக்கவில்லை.

அந்தக் கொல்லையில் ஒரு கொய்யாமரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் அதன்மேல்தான் இருந்தார். கைக்குட்டை ஏழு நாளும் வெள்ளை வெளேரென்று ஆடியது. ஏழாம் நாள், பக்கத்து வீட்டு, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் பெண்சாதி துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம் பாப்பா, ஆடியில கட்டி இன்னாத்துக்கு ஆவும்? இப்போ காத்து அந்தாண்ட போவுது. மார்கழில வந்து கட்டிப் பாரு, அடுப்படித் துணி ஆய்ப்பூடும்."

வாய் நிறைய கொய்யாப்பழம். தலையை மட்டும் ஆட்டினேன். நைனாவிடம், "சுத்தமா கீது நைனா" என்றேன். பொய்யில்லையே, கைக்குட்டை சுத்தமாகத்தானே இருந்தது!

ஆவணியில் குடிபோனோம். ஐப்பசி மழை காற்றைக் கழுவிக் கொடுத்தது. ஊரே ஈரமண் வாசனையாக இருந்த அந்த நாட்களில் நான் பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதியை மறந்தே போனேன். மார்கழி வந்தது. காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடித்தது, பனி மேலேயிருந்து மூடி போட்டது, என்ஜின் புகை போக வழியில்லாமல் எங்கள் வீட்டில் வந்து குடியேறியது. அம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, சுவர் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தாள். நைனா கைக்குட்டையை எடுத்து எடுத்துப் பார்த்து, "வெள்ளையாத்தானே இருந்துது?" என்று அதையே விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கொய்யாமரத்துப் பக்கமே போகவில்லை.

போகிக்கு முந்தின நாள், நைனா வேலைக்குப் போன பிறகு, அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அடிப் போடி. அவ எங்கிட்டயும்தான் சொன்னா."

"அப்புறம் ஏம்மா வந்தோம்?"

"அங்க ஆடிப் பொகை, இங்க மார்கழிப் பொகை. எந்தப் பக்கம் போனாலும் மூணு மாசம் பொகைதான். தண்ணிக்கு அங்க ரெண்டு தெரு நடக்கணும், பன்னெண்டு மாசமும். இங்க கெணறு வூட்டுக்குள்ளியே கீது."

"நைனாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வாணாம்பாரு. கொடம் தூக்கறது அவரா?"

அந்த வீட்டில் பதினோரு மார்கழி இழுத்தாள். கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக் காட்டுவாள். நைனா கடைசிவரை கைக்குட்டையைத்தான் குறை சொன்னார்.

எல்லை ஒருவழியாக முடிவாகி, ஊர் இருந்த இடத்திலேயே, ஆந்திராவிலேயே, இருந்துவிட்டது. கரி என்ஜினும் போய்விட்டது. கிணற்றைச் சிமெண்ட் பலகை போட்டு மூடி, கொய்யாமரம் இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். பல்லில் எதுவும் கடிபடுவதில்லை, கடிக்கப் பல்லும் அதிகமில்லை. ஆனால் அம்மாவின் இழுப்பு என்னிடம் இருக்கிறது. போன மாதம் மகன் டாக்டரிடம் காட்டத் திருப்பதிக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம் லாரிப் புகை, சாலை போடும் புழுதி, இரண்டு பேரும் முகத்தை மூடிக்கொண்டு போனோம். டாக்டரே ஒரு சிறு பையன்தான்; எந்த மாதத்தில் அதிகமாக இருக்கும் என்று தெலுங்கில் கேட்டான். ஆடியா, மார்கழியா என்று விரலை மடக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதமும் மடங்கியது.

"எந்தப் பக்கம் வூடு பாக்கலாம், நீயே சொல்லுப்பா" என்றேன். டாக்டர் சிரித்தான். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.