வாஹித் பாஷா கடையை விட்டு இறங்கும் விதம்

ஆம்பூரில் பெல்ட் தைத்து விற்கும் வாஹித் பாஷாவுக்கு எந்தக் கடையிலும் சொன்ன விலைக்கு வாங்கத் தெரியாது. விலையைக் கேட்பார், நெஞ்சில் கை வைப்பார், படியிறங்கி நடப்பார். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். வேலூர் லாங் பஜாரில் ஒருமுறை யாருமே கூப்பிடவில்லை. கோட்டை வரை நடந்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்து, முதலில் சொன்ன விலைக்கே குடை வாங்கினார். அவர் மனைவி ஹலீமா பீ இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த பாய்க்குத்தான் நான் வெப்சைட் செய்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை தேடிக்கொண்டிருந்தேன், அதாவது, கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குச் சென்னை ஏஜென்ட் ஒருவர் சைட்டைப் பார்ப்பார். பிடித்தால் வெளிநாட்டு ஆர்டர் பாய்க்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. பக்கங்கள் என் லேப்டாப்பில் தயார். அவற்றை ஏற்றிவைக்க ஹோஸ்டிங் வேண்டும், இன்டர்நெட்டில் வாடகைக்கு ஓர் இடம். மதியம் பட்டறையில் அதைத் தேட உட்கார்ந்தோம்.

"முதல் வருஷம் கம்மி. அடுத்த வருஷம் இன்னா?" என்று கேட்டார் பாய்.

கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். மூன்று மடங்கு.

"சாம்பிள்ல ஒரு தோலு, லோடுல வேற தோலு. நானே பண்ணிருக்கேன், எனக்கேவா?" பாய் எழுந்துவிட்டார். "வா பூரணி, கிளம்பு."

"எங்க பாய்? இது கடை இல்ல. போனா யாரும் கூப்பிட மாட்டாங்க."

"கூப்புடுவான்."

"குடைக்காரன் கூப்ட்டானா?" என்றார் ஹலீமா பீ, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல். எனக்கும் புரிய வேண்டுமென்று உருதுவை விட்டுத் தமிழிலேயே கேட்டார்.

என் மெயில் ஐடியைப் போட்டதும் வந்த பணம் கட்டும் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தோம். படித்த பெண் செய்கிற காரியமா இது? கம்ப்யூட்டர் கம்பெனியிடம் கோபித்துக்கொண்டு டீ குடிப்பது எந்த செமஸ்டரில் வந்தது?

நாலு மணிக்கு என் போனில் மெயில் வந்தது. நீங்கள் பாதியில் விட்டுப்போன ஹோஸ்டிங் காத்திருக்கிறது, இன்று மட்டும் தள்ளுபடி.

"கூப்ட்டானா இல்லியா?" பாய் போனை வாங்கி டீக்கடை முழுக்கக் காட்டினார். "இன்னொரு டீ சொல்லு. இன்னும் எறங்குவான்."

"பாய், மணி நாலு!"

இழுத்துக்கொண்டு வந்து பணம் கட்ட வைத்தேன். அந்த அவசரத்தில் ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருந்த ஃபைல்களை ஏற்றாமல், ஃபோல்டரையே அப்படியே ஏற்றிவிட்டேன். ஐந்துக்கு ஏஜென்ட் போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"இன்னா பாய், ஒண்ணுமே இல்ல? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோல்டருக்குள் கிடந்தால் சைட்டில் தெரியாது; ஃபைல்களை வெளியே எடுத்துப் போடக் கொஞ்ச நேரம்தான் வேண்டும். அவரைப் பேசி நிறுத்துங்கள் என்று பாயைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினேன்.

"சார், சார், போவாதீங்க!" பாய் கத்தினார். "இப்பதான் ஷட்டர் தூக்கறோம். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, கடை தொறந்திருக்கும்."

ஏஜென்ட் டீ குடித்தாரோ என்னவோ, மறுபடி கூப்பிட்டபோது சைட் திறந்திருந்தது.

"பெல்ட்டு நல்லாருக்கு. ரேட்டுதான் ஜாஸ்தி. சரி, வெச்சிடறேன்." வைத்துவிட்டார்.

பாய் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடுங்க," என்றார் ஹலீமா பீ.

பாயே கூப்பிட்டார். ஏஜென்ட் குறைத்துச் சொன்ன ரேட்டுக்கே ஆர்டர் வந்தது. ஹலீமா பீயிடம் இப்போது இரண்டு கதைகள் இருக்கின்றன.