ரொட்டி அலமாரியில் ஒரு கோமாளி மீன்

உலகத்தில் எத்தனை வீட்டுக் கூடங்களில் எங்கள் தீவின் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. வாயில் நுழையாத பெயருள்ள ஊர்களில், பல் டாக்டருக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் எங்கள் மீன்களைப் பார்த்துத்தான் பயத்தை அடக்கிக்கொள்கிறார்களாம். இத்தனை கீர்த்தி வாய்ந்த தீவில் இதுவரை இருந்திருக்கும் கண்ணாடித் தொட்டிகளின் எண்ணிக்கை ஒன்று. அதுவும் என் பேக்கரியின் ரொட்டி அலமாரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பொருளின் உரிமையைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது.

அலமாரியை எடுத்துக்கொண்டு போனவர் சிப்ரியானோ. வயது அறுபத்திரண்டு. ஒரு காலில் ஊதா ரப்பர் செருப்பு, இன்னொரு காலில் பச்சை. கடல் கொண்டுவந்து கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. இளவயதில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் மீன் பிடித்தவர். அதில் இடது காது போயிற்று. அதன்பின் கடல் வற்றும் வேளையில் பவளப்பாறைத் திட்டின் மேல் நடந்தே பிடித்தார். ஒரு கையில் உள்ளங்கை அகல வலை, இடுப்பில் பிளாஸ்டிக் பைகள். அவர் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், பூசை நடுவில் எழுந்து வெளியே போகிற மனிதர் மாதிரி இருக்கும். எதையும் மிதிக்காமல், யார் கண்ணிலும் படாமல்.

கோமாளி மீன், பாறையில் ஒட்டியபடி பூ மாதிரி விரியும் கடல் சாமந்திக்குள் குடியிருக்கும். உள்ளே பெரியதாக ஒன்று இருந்தால் அவள்தான் வீட்டுக்காரி. அவளைத் தொடக்கூடாது, சின்னதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முறை. வீட்டுக்காரியை எடுத்துவிட்டால் புருஷன்காரன் கொஞ்ச நாளில் அவளாகவே மாறிவிடுவான். இது தீவில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது எவனாவது தெருவைப் பெருக்கினால், "அண்ணே, மாற ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்காமல் நாங்கள் தாண்டிப் போனதில்லை.

சிப்ரியானோவின் வீட்டுக்காரி வெனெராண்டா. எனக்கு நெரா அக்கா. பிடித்து வந்த மீன்கள் வெள்ளிக்கிழமை படகு வரும்வரை ஆளுக்கொரு பையில் வீட்டில் காத்திருக்கும். காலையும் மாலையும் அத்தனை பைக்கும் தண்ணீர் மாற்றுவது அக்காவின் வேலை. முப்பத்தொரு வருடம் மாற்றினாள். ஒவ்வொன்றையும் வெள்ளை பேசினில் கவிழ்த்து, குனிந்து, துடுப்பு கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கிழிந்ததைத் தரகன் மாமெர்த்தோ எடுத்துக்கொள்ள மாட்டான். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குள் அவள் தலையை விட்டதே இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மீனுக்குத் தீனி போடாதே. தின்றால் கழியும், கழிந்தால் பைத்தண்ணீர் கெடும், காலையில் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதனால் எங்கள் தீவில் ஒருவர்கூட ஒரு மீனுக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை. இதை நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம்.

போன ஈஸ்டருக்குப் பிறகு அக்காவுக்கு வயிறு வீங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் ஈரல் என்றார்கள். "என்ன பிடிக்குதோ அதைச் சாப்பிடக் குடுங்க," என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த படகில் மைதா மூட்டைகளோடு நானும் இருந்தேன்.

"என்ன வேணும் சொல்லு. மாம்பழமா? பன்னி வறுவலா?" என்று கத்தினார் சிப்ரியானோ. அவருக்குத்தான் காது கேட்காது, ஆனால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைப்பு.

"யோவ், எனக்கு மீன் பாக்கணும்."

"மீனா? முப்பது வருஷமா அதத்தானடி பாத்துக்கிட்டிருக்க?"

"முதுகத்தான்யா பாத்தேன். மூஞ்சிய எங்க பாத்தேன்? ஒண்ணாவது பக்கவாட்டுல நீந்திப் போறதப் பாக்கணும். காசு குடுத்து வாங்குறவன் பாக்குறானே, அந்த மாதிரி."

சிப்ரியானோ கரை வரும்வரை கடலையே முறைத்துக்கொண்டு வந்தார், அது ஏதோ ஒளித்து வைத்திருப்பது போல.

மறுநாள் விடிந்ததும் என் கடை வாசலில் நின்றார்.

"டேய் ரொட்டிக்காரா, அந்தக் கண்ணாடிப் பொட்டியக் காலி பண்ணு."

"அண்ணே, அதுல பன்னு இருக்கு."

"பன்னு நீந்தாது. கூடையில போடு."

பன்களை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றினேன்.

படகுக்குப் பூசும் பிசினை எடுத்து மூலைகளை அடைத்தார். முதல் நாள் தண்ணீர் முழுவதும் படுக்கைக்கு அடியில் போயிற்று. இரண்டாம் நாள் பாதி போயிற்று. மூன்றாம் நாள் நின்றது. வாளி வாளியாகக் கடலைச் சுமந்து வந்து நிரப்பி, நடுவில் ஒரு கல்லை வைத்து, ஒற்றைக் கோமாளியை விட்டார். தெருவே வந்து நின்றது. பாரங்காய் என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர் வட்டாரத்தின் தலைவரான கேப்டனும் வந்தார். திறப்புவிழா என்றால் அவரால் வராமல் இருக்க முடியாது.

அக்கா மூங்கில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயோ, என்ன திமிரு பாரு மூஞ்சியில! அப்படியே நம்ம கேப்டன் மாதிரி இருக்கு."

கேப்டன் மீனைப் பார்த்தார். மீன் கேப்டனைப் பார்த்தது. கருத்து வேறுபாடு எழவில்லை.

"வாயத் தொறந்து தொறந்து மூடுதே, என்னமோ கேக்குது," என்றாள் அக்கா.

"மூச்சு விடுதுடி."

நான் ஒரு ரொட்டித்துணுக்கைத் தொட்டிக்கு மேல் நீட்டினேன். சிப்ரியானோ என் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். "கொலகாரா! தண்ணியக் கெடுக்கப் பாக்குறியா?" தெருவே என்னை வெறுப்போடு பார்த்தது. மைதா வியாபாரிக்குக் கடல் ஞானம் இருக்காது என்று யாரோ சொன்னார்கள்.

பதினோராம் நாள் விடியற்காலை அந்த மீன் செத்தது.

சிப்ரியானோ அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடல் வற்றியிருந்ததால் நேரே திட்டுக்கு நடந்தார். முதல் மீன் கிடைத்த அதே கடல் சாமந்தியில் இன்னொரு சின்ன மீனைப் பிடித்து வந்து, அக்கா விழிப்பதற்குள் தொட்டியில் விட்டார். அவளுக்கு மீன்களின் முதுகு மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் எல்லாக் கோமாளியும் ஒன்றுதான் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு இரண்டாவது மீன் சாகும்வரை சரியாக இருந்தது. அந்தமுறை அக்கா விழித்திருந்தாள். ஆகவே குற்றத்தில் எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது. அவள் முகத்துக்கு நேராக ரொட்டித்தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தட்டுக்குப் பின்னால் மூன்றாவது மீன் பதவியேற்றது. அக்கா ரொட்டியைத் தொடவில்லை. முன்பெல்லாம் காப்பியில் நனைத்து நாலைந்து தின்பவள்.

மறுநாள் அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்த சமயம், "டேய், என்னைத் தூக்கி நிறுத்து," என்றாள்.

"அக்கா, வேணாம். அவரு வந்தா..."

"நிறுத்துடா."

மூட்டை தூக்கிப் பழகிய கை என்னுடையது. அக்காவைத் தூக்கியபோது கைக்குக் கனம் என்று ஒன்றுமே தெரியவில்லை. அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு வருடம் குனிந்தது போலவே குனிந்து, மேலிருந்து தண்ணீருக்குள் பார்த்தாள்.

"இது வேற மீனு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"மொத மீனுக்கு நடுப்பட்டை முதுகுல முறிஞ்சிருந்துச்சு. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி பேசின்ல பாத்தேன். என்கிட்டயா?"

வாளியோடு சிப்ரியானோ வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இது எத்தனாவது?"

"காது கேக்கல."

"கேக்குற காத இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினார். "மூணாவது," என்றார்.

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இதுங்க அங்க போய்ச் சேந்தப்புறம் என்னய்யா பண்றாங்க? அங்கயும் பட்டினிதானா?"

"தெரியாது."

"பசிக்குதுய்யா அதுக்கு. மொத மீனுலேருந்து எல்லாம் வாயத் தொறந்து கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்கு மட்டும், நான் வேணாம் வேணாங்குறப்பவும் கஞ்சிய எடுத்துக்கிட்டு ஓடி வர்ற."

"போட்டா தண்ணி கெட்டுடும்டி."

"கெட்டா மாத்து. நான் மாத்தல?"

சிப்ரியானோ வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் பாதி தளும்பிப் போனதை அவர் கவனிக்கவில்லை. அவர் தண்ணீர் சிந்தி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

வெள்ளிக்கிழமை மாமெர்த்தோவின் படகு வந்தது. மீன் என்ன சாப்பிடும் என்று சிப்ரியானோ கேட்டபோது, தரகன் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணே! நீங்க புடிச்ச மீனை நான் தலமொறையா வித்துக்கிட்டிருக்கேன், இப்ப வந்து கேக்குறீங்களே! அதுக்குன்னு டப்பா இருக்கு. டவுன்ல கடையில கெடைக்கும்."

சிப்ரியானோ அதே படகில் ஏறி டவுனுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் டப்பாவோடு வந்தார். டப்பாவின் மேல் ஒரு மீன் படம், எங்கள் கடல்பக்கம் தலைவைத்தும் படுக்காத ஏதோ மீன். அந்தக் கடையில் என்ன பார்த்தார் என்று நான் துருவித் துருவிக் கேட்டதற்கு ஒரே ஒரு தடவை சொன்னார்.

"எல்லாம் நம்ம மீனுதான்டா. ஒரு பொண்ணு ஒவ்வொரு தொட்டியா சோறு போட்டுக்கிட்டே போவுது. தெனம் ரெண்டு வேளையாம். தெனமும்டா."

ஒரு சிட்டிகை தூவினார். மூன்றாவது மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து தின்றது. அக்கா கைதட்டினாள். சத்தம் வரவில்லை, ஆனால் தட்டினாள். சிப்ரியானோ உடனே கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பேரத்தில் இறங்கினார்.

"அதுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்."

"இது என்னய்யா அநியாயம்?"

"அது சாப்பிட்டுச்சு. இப்ப நீ."

ஒப்பந்தம் ஒன்பது நாள் நடந்தது. காலையும் மாலையும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குரல் கேட்கும். அதுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். நாங்கள் அக்கா பிழைத்துவிடுவாள் என்றே முடிவு செய்துவிட்டோம். டாக்டருக்கு என்ன தெரியும் என்றுகூடப் பேசிக்கொண்டோம். மீன் சாப்பிடும் என்பதையே போன வாரம் கண்டுபிடித்த நாங்கள்.

பத்தாம் நாள் அக்கா வாயைத் திறக்கவில்லை. "அதுக்குப் போடு. நான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். அவர் போட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, கடல் முழுக்க வற்றிக் கிடந்த ஒரு மத்தியானத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அவர் கையில் கரண்டி இருந்தது. "இவ முழுங்கல," என்று என்னிடம் புகார் செய்தார். நான்தான் கரண்டியை வாங்கி வைத்தேன்.

ஒன்பது நாள் பிரார்த்தனை நடந்தது. ஒன்பது நாளும் ரொட்டி என் கடையிலிருந்து போயிற்று. கடைசி நாள் கேப்டன் சிப்ரியானோவின் தோளில் கைவைத்து, "அந்த மீனைக் கடல்ல விட்டுடுங்க அண்ணே, அதுவாவது வீடு போய்ச் சேரட்டும்," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேப்டன் உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டதாக எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் கடல் வற்றிய வேளையில் சிப்ரியானோ மீனைப் பையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கூட நானும் போனேன். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கடல் சாமந்தி என்பது அவருக்கு மனப்பாடம். முழங்கால் ஆழக் குழியில் அது விரிந்துகொண்டிருந்தது. உள்ளே பெரியவள் இருந்தாள். அவள் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னவன். அவர் மூன்று முறை காலி செய்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டிருந்தது.

பையைச் சாய்த்தார். மீன் கடல் சாமந்தியை நோக்கிப் போயிற்று. பெரியவள் வெளியே வந்து ஒரு முட்டு முட்டினாள். மறுபடி போயிற்று. மறுபடி முட்டினாள். மூன்றாவது முறை வாலைக் கடித்தாள். எங்கள் மீன் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, வந்து ஊதாச் செருப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அவர் அசையாமல் நின்றார். கடல் மறுபடி ஏறத் தொடங்கி, தண்ணீர் தொடைக்கு வந்தது.

"அண்ணே, வேற எடத்துல விட்டுப் பாப்போமா?"

"எல்லா எடத்துலயும் குடும்பம் இருக்குடா," என்றார். "வீட்டுக்காரி இருக்குற வீடு. அவ வேணான்னா வேணாந்தான்."

பையின் வாயைத் திறந்து காலருகே இறக்கினார். மீன் தானாக உள்ளே வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிடிக்கிறோம், தானாகப் பைக்குள் வந்த மீனை எங்கள் தீவில் யாரும் பார்த்ததில்லை.

இப்போது என் பன்கள் கூடையில்தான் இருக்கின்றன, ஈ மொய்த்தபடி. அலமாரியைக் கேட்டுவிடுவது என்று மூன்றுமுறை போனேன். போகும்போதெல்லாம் அவர் தண்ணீர் மாற்றி முடித்துவிட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார். "அதுக்கு ஒரு வாய்," என்று ஒரு சிட்டிகை தூவுவார். அப்புறம், "உனக்கு ஒரு வாய்," என்று இன்னொரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்புவார். கை அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அதையும் தண்ணீரிலேயே போட்டுவிடுவார்.

இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டு அந்த மீன் குண்டாகிவிட்டது. இவ்வளவு குண்டை எவனும் வாங்க மாட்டான் என்று மாமெர்த்தோ சொல்கிறான். சிப்ரியானோ அவனுக்குக் கேட்காத காதைத்தான் காட்டுகிறார்.