மேட்டில் நிறுத்திக் காட்டுகிறவர்

“வீட்ல மொத்தம் எத்தனை பேர் சார்? அத்தனை பேருக்கும் ஆள் ஏத்தணும்” என்று காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் விற்பனைக்காரர். கார் பார்க்கப் போனது நானும் என் மனைவியும். வீட்டில் மாமியாரும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள் என்று நான் வாயை விட்டுவிட்டேன். போச்சு. “அப்ப அஞ்சு. உங்க ரெண்டு பேரோட நான் ஒருத்தன். இன்னும் ரெண்டு உருப்படி வேணும்” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, உதிரிபாகப் பிரிவிலிருந்து கனத்த உடம்புக்காரர் ஒருவரையும் வாசலில் நின்ற காவலாளியையும் கைதட்டிக் கூப்பிட்டார். “உங்க அம்மா என்ன கனம் இருப்பாங்க மேடம்?” என்று என் மனைவியிடம் கேட்டார் பாருங்கள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காவலாளிக்கு இது பழகிப்போன வேலை போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கார் விற்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு மூடியிருப்பார். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கருவி இருக்கும். பேச்சின் நடுவே, பக்கத்தில் நிற்கிற வண்டி யாருடையதாக இருந்தாலும் அதன் டயரைக் காலால் அழுத்திப் பார்ப்பார். எங்கள் பழைய காருக்கும் அந்த மரியாதை நடந்தது. “முன்னாடி இடது பக்கம் காத்து கம்மி சார்” என்றார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஏத்தம்’. முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவரும் “என்னப்பா?” என்று திரும்புகிறார்.

அவர் விற்கிற வண்டியை நீங்கள் தெருவில் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பெரிய ஜீப்பைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அளந்தால் நான்கு மீட்டர் நீளம்கூட இருக்காது. நம்மைப் போன்றவர்களின் கையை ரொம்பக் கடிக்காத விலை. “வெளிய பாத்து மயங்கிடாதீங்க” என்று ஆரம்பிக்கிறார். “உள்ள இருக்கிறது ஒரு லிட்டர் என்ஜின். மூணே சிலிண்டர். எழுபத்திரண்டு குதிரை. காலைல ஸ்டார்ட் பண்ணா கியர் கம்பி லேசா நடுங்கும், அது வியாதி இல்ல, மூணு சிலிண்டர்னா அப்படித்தான். ஊருக்குள்ள லிட்டருக்குப் பதினஞ்சு, வெளிய போனா பதினெட்டு. புத்தகத்துல இருபத்தொண்ணுன்னு போட்டிருப்பான், அது ஆள் ஏத்தாம, காத்தை மட்டும் ஏத்திட்டு ஓட்டினது. தரையிலேர்ந்து இருபது சென்டிமீட்டர் உசரம், வேகத்தடையில வயிறு இடிக்காது. டிக்கில நாலு பெட்டி போகும். சந்துல திருப்பறதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல.” இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, “ஆனா” என்றார். கார் விற்கிற ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அந்த ‘ஆனா’ காட்சிக்கூடத்தின் பின்பக்கம் இருக்கிறது. தண்ணீர்த்தொட்டிக்குப் போகிற சாலை. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மேடு. ஏசியை முழுசாக வைக்கச் சொன்னார். பாதி மேட்டில் “நிறுத்துங்க” என்றார். நிறுத்தினேன். “இப்ப எடுங்க.” எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்தது. மறுபடி எடுத்தேன், பின்னால் ஓர் அடி சறுக்கியது. என் மனைவி “ஐயோ” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “எப்பவும் இப்படித்தான் மேடம், பயப்படாதீங்க” என்றார் உதிரிபாகக்காரர், கொட்டாவி விட்டபடி. பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவன் நான். மானம் போயிற்று.

“ஹேண்ட்பிரேக்கை இழுங்க. முதல் கியர். ஏசியை அணைங்க. ஆக்சிலேட்டரை நல்லா மிதிங்க, ஆர்பிஎம் முள்ளு ரெண்டாயிரத்தைத் தாண்டட்டும். இப்ப கிளட்ச்சை மெதுவா… மெதுவாங்கறேன்… மூக்கை லேசாத் தூக்கும் பாருங்க, ஆங், இப்ப ஹேண்ட்பிரேக்கை விடுங்க.” வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உச்சிக்குப் போனதும், “ஏறும் சார், ஓட்டத் தெரிஞ்சவன் கையில ஏறும். வீட்ல வேற யார் ஓட்டுவா?” என்று கேட்டார். பெரிய பெண் இப்போதுதான் பழகுகிறாள் என்றேன். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றார். அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழ்த்தளத்தில், சரிவில் இறங்கி ஏற வேண்டும் என்றேன். “அப்ப இது வேணாம். இதுலயே டர்போ என்ஜின் இருக்கு, நூறு குதிரை. மூணு மாசம் காத்திருக்கணும். முடியாதுன்னா எதிர்க்கடைக்குப் போங்க.”

“இவர் விக்க வந்தவரா, விரட்ட வந்தவரா?” என்று மனைவி என் காதைக் கடித்தாள். மேலாளருக்கும் அதே சந்தேகம்தான். நாங்கள் கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்து, “அவர் சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீங்க சார். வருஷா வருஷம் முதல் இடம் அவருக்குத்தான் இருந்துச்சு. இப்ப கடைசி. சமதரையில வீடு இருந்தா, இதுதான் ராஜா வண்டின்னு அவரே கொண்டாடுவார். ஆனா அதுக்கு முன்னாடி வாங்கறவங்க தெருவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தாகணும். நல்லா இருந்த மனுஷன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் எரிச்சல்தான். வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தவனை இப்படியா அனுப்புவது? ஆனாலும் விஷயம் என்னவென்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், டர்போவைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் தனியாகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வரை அவர் வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போன பாதையே வேறு. வாசலில் இடதுபுறம் திரும்பினால் ஏரிக்கரைச் சாலை, ஒரு சிக்னல், நீதிமன்றத்தின் நீளச் சுவர், மறுபடி இடது, மறுபடி இடது. நாலு கிலோமீட்டர். அதில் மேடே கிடையாது. ஓரிடத்தில் லேசான இறக்கம் உண்டு. அங்கே வந்ததும் “மிதிச்சுப் பாருங்க சார், என்ன இழுவை!” என்பாராம். பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்ற மாட்டார். ஏசி ஒன்றாம் எண்ணில். என்ஜின் முனகினால் காதில் விழாத அளவுக்கு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அலைந்து அவரே கண்டுபிடித்த பாதை. மற்ற விற்பனைக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். “கெட்டிக்காரன்னு பேர் எடுத்தேன் சார். பொய் ஒண்ணும் சொல்லல. மேடு இருக்கிற பக்கம் போகல, அவ்வளவுதான்” என்றார், மேசை மேலிருந்த பொம்மைக் காரை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்தபடி.

அந்தப் பாதைக்கு ஒருநாள் அவருடைய அக்கா வந்தார். சலவைக்கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டு இவரை ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்பிவைத்த அக்கா. வீடு ஒரு செங்குத்தான தெருவின் கடைசியில். கணவர் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நின்று நின்றே மூட்டு தேய்ந்துபோய், அந்த மேட்டை நினைத்தே வெளியில் இறங்காமல் இருந்தார். அவருக்காகத்தான் கார். “வேற எங்கயும் விசாரிக்க வேணாமான்னு மாமா கேட்டாராம் சார். ‘என் தம்பி இருக்கறப்ப வேற யாரைப் போய் விசாரிக்கிறது?’ன்னு அக்கா ஒரே போடா போட்டுடுச்சாம்.”

அக்காவையும் அந்த நாலு கிலோமீட்டரில்தான் கூட்டிப்போனார். “நான்தான் ஓட்டினேன். கை தானா இடது பக்கம் திரும்பிடுச்சு. பழக்கம் சார். நீதிமன்றம் தாண்டறப்ப ஞாபகம் வந்துச்சு, அக்கா தெரு மேடாச்சேன்னு. சொல்லியிருக்கலாம். மாசக் கடைசி, இன்னும் ஒரே ஒரு வண்டி போனா அந்த மாசமும் நான்தான் முதல். அப்புறமா சொல்லிக்கலாம், ஓட்டிப் பழகினா ஏறிடும்னு வாயை மூடிட்டேன். அக்கா பின்னாடி உக்காந்து சீட்டைத் தடவித் தடவிப் பாத்துட்டு இருந்துச்சு.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள். ஓட்டியவள் அக்கா மகள். உரிமம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்னால் மாமா, பின்னால் அக்காவும் உறவுக்காரர்கள் இரண்டு பேரும். மேட்டின் பாதியில் எதிரே லாரி வந்தது, நிறுத்தினாள். பிறகு எடுக்க முடியவில்லை. இரண்டு தடவை அணைந்தது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்துத் தொலைத்தார்கள். மாமா கனத்த ஆள். “நான் இறங்கிக்கறேன்மா, லேசாயிடும்” என்று கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பதற்றத்தில் அந்தப் பெண் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி பின்னால் போனது இரண்டே அடிதான். திறந்திருந்த கதவு அவரைத் தள்ளிச் சாய்த்தது. இடுப்பெலும்பு முறிந்தது. மேடேறி நடக்கக் கூடாது என்று கார் வாங்கிக்கொண்ட மனிதர் அதற்கப்புறம் எங்கேயுமே நடக்கவில்லை. சக்கர நாற்காலிதான்.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “இந்த வண்டி திணறும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் சார். அதானே இத்தனை வருஷமா என் பொழைப்பு. அன்னைக்குன்னு பாத்து வாய் வரல. ‘தெரியும்க்கா’ன்னுட்டேன்.” அக்கா எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. “திட்டியிருக்கலாம். நாலு பேர் பாக்க ரெண்டு அறை விட்டிருக்கலாம். எழுந்துல்ல போயிடுச்சு” என்றார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று லாரியைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் பதற்றத்தைச் சொன்னேன். “வேணாம் சார். வண்டி மேல தப்பில்ல, பொண்ணு மேல தப்பில்ல. பாதை நான் போட்டது” என்று எழுந்துவிட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் வெளியே போவது வழக்கமாம். அன்று அவருடைய ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்தது. நான் கொண்டுபோய் விட்டேன். போன இடம் அக்காவின் தெரு. மாமாவுக்கு மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சி முடிந்து அவர்கள் வீடு திரும்புகிற நேரம். மேடு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு மருந்துக்கடையின் நிழலில் நின்றோம். அவர் விற்ற அதே கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு நரைத்த தலையும் பருத்த உடம்புமாக ஒரு அம்மாள் இறங்கினார். கையில் பெரிய துணிப்பை. அவர் இறங்கியதும், மகளையும் கணவரையும் மட்டும் சுமந்துகொண்டு கார் திணறாமல் மேடேறிப் போய்விட்டது.

“பொண்ணு இப்ப பிரமாதமா ஓட்டறா. நான்தான் சொல்லிக்குடுத்தேன், அக்காவுக்குத் தெரியாம” என்றார் மெதுவாக. “அக்காவும் தாராளமா உள்ளயே உக்காந்து போகலாம் சார். மூணு பேரோட அது நல்லாவே ஏறும். பாரம் கூடிடும்னு பயந்துகிட்டு இறங்கி நடக்குது. நான் போய்ச் சொல்லலாம். நான் சொன்னா அக்கா நம்பணுமே.”

ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். அக்கா முன்னால் நடப்பார். இவர் பத்தடி விட்டுப் பின்னால் போவார். வீட்டு வாசல் வந்ததும் திரும்பிவிடுவார். ஆரம்பத்தில் ஒருமுறை ஓடிப்போய்ப் பையை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். அக்கா அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டாராம். அதற்கப்புறம் கேட்டதில்லை.

அன்றைக்கும் போனார். நான் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷா, கிட்டத்தான் போயேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. வெயில் சுள்ளென்று அடித்தது. பாதி மேட்டில் அந்த அம்மாள் நின்றார். ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இவரும் நின்றுவிட்டார், அதே பத்தடி. அக்கா பையைத் தரையில் வைத்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல் மேலே நடக்க ஆரம்பித்தார்.

இவர் ஓடிப்போய் எடுத்துவிடவில்லை. அக்கா நாலைந்து அடி போகும்வரை இருந்த இடத்திலேயே நின்றார். அப்புறம் பையின் பக்கத்தில் போய், இரண்டு கைகளையும் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.