படகை எடுத்த பெண் பேசிய நாள்

இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சட்டம் படித்தவள் இல்லை. படூரில் குடியிருந்துகொண்டு கடற்கரை ஊர்ப் பிள்ளைகளோடு பல வருடம் வேலை செய்தவள் என்பதால் என்னைப் போட்டிருந்தார்கள். விசாரணை உள்ள நாட்களில் காலையிலேயே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். மேசைக்கு இந்தப் பக்கம் மாஜிஸ்திரேட் அம்மா, நான், இன்னொரு உறுப்பினர். எதிரில் பிள்ளை. ஏன் செய்தாய் என்று கேட்போம். 'தெரியல' என்று வரும். மூன்று பேரும் குனிந்து அதை எழுதிக்கொள்வோம்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. பெயர் சொல்லக் கூடாது. சட்டமும் விடாது, எனக்கும் மனசு வராது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு குப்பம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விடியற்காலையில் ஒருவருடைய ஃபைபர் படகைத் திருடி ஓட்டிப் போய், தெற்கே கரையில் மோதி, தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியை உடைத்துவிட்டாள் என்று வழக்கு. முதல் விசாரணையில் வாயே திறக்கவில்லை. இரண்டாவதிலும் அப்படித்தான். கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் அவள் அம்மா, லீவு போட்டு வந்து அழுதுவிட்டுப் போனார். 'திமிர்' என்று அந்தப் பெண்ணைப் பற்றி என் நோட்டில் எழுதியிருந்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது விசாரணையில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் படகை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ள நாலைந்து ஆளாவது வேண்டும். இவள் ஒருத்தி எப்படித் தள்ளினாள்?

"ஏம்மா, தனியாவா தள்ளின?"

சட்டென்று நிமிர்ந்தாள். "நான் எங்க மேடம் தள்ளினேன்? போட்டுக்காரங்கதான் தள்ளி தண்ணி ஓரமா வுட்டுட்டு வலை எடுக்க மேல போனாங்கோ. நான் சும்மா ஏறி குந்தினேன். பொம்பள புள்ள போட்ல கால் வெக்கக் கூடாதுன்னு எங்க வூட்ல சொல்லிகினே இருப்பாங்க. ஒரு தபா குந்திப் பாக்கலாம்னுதான். பெரிய அலை ஒண்ணு வந்து போட்ட அப்டியே தூக்கிடுச்சி."

"அப்புறம்?"

"குதிச்சிருக்கலாம். இடுப்பளவு தண்ணிதான்." இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். "குதிக்கல. கயித்த இழுத்தேன். இன்ஜின் புடிச்சிகிச்சி மேடம்!"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் எகிறியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுதுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது. நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"மொதோ அலைக்கு பயம். ரெண்டாவதுக்கு கத்தினேன். அலைக்கு நேரா போட்டோட மூக்கக் குடுக்கணும் மேடம், கொஞ்சம் திருப்பினாலும் கவுந்துடும். மூணாவத எப்டி தாண்டினேன்னே தெரியல. அந்தாண்ட போயிட்டா கடலு அவ்ளோ சாந்தமா கீது! மாமல்லபுரம் கோயிலு இத்துனூண்டு, கையில எடுத்து வெச்சுக்கலாம் போல தெரிஞ்சிது." மேசையே படகு மாதிரி இரண்டு கையாலும் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

"இதையெல்லாம் ஏம்மா முதல்லயே சொல்லல?" என்றேன்.

"ரெண்டு தபா வந்தேன். நீங்க எல்லாம் குனிஞ்சி எழுதிகினே இருந்தீங்க. யாரப் பாத்து சொல்றது?" பிறகு குரல் இறங்கியது. "இன்னா சொன்னாலும் அவரு விசிறி ஒடஞ்சது ஒடஞ்சதுதானே."

படகுக்காரரை உள்ளே கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும். வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். நடந்ததை அவள் வாயாலேயே திரும்பவும் சொல்ல வைத்தார் மாஜிஸ்திரேட் அம்மா. கேட்டு முடித்ததும் படகுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"நாங்க கரையில நின்னு கத்தினோம்மா," என்றார். "போட்டு போச்சின்னு இல்ல. புள்ள போயிடப் போவுதேன்னு. அந்தக் கோவத்துலதான் கம்ப்ளைண்ட் குடுத்தேன்." அவளிடம் திரும்பினார். "யாரு உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

"யாருமில்ல. நீங்க தெனம் போறத கரையிலேர்ந்து பாத்துகினு இருப்பேன்."

அவர் முகம் மாறியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார், அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. அவள் படகுக்காரர் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடு அண்ணாத்த," என்றாள். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

அன்றே முடிவு எடுத்தோம். அவளைக் கண்டித்து, ஆலோசனை வகுப்புகளுக்கு வரச் சொல்லி, அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினோம். மாஜிஸ்திரேட் அம்மா என்னிடம், "இனி ஒவ்வொரு விசாரணையிலயும் ஒருத்தர் எழுதவே கூடாது, பிள்ளையைப் பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கணும்," என்றார். முதல் ஆளாக நான் கை தூக்கினேன்.

அடுத்த வருடம் ஒரு வேலையாகத் திருக்கழுக்குன்றம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது குழுமத்தின் நன்னடத்தை அலுவலரிடமிருந்து போன். அந்தப் பெண்ணுக்கு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைத்து, வகுப்பும் தொடங்கிவிட்டதாம். பக்கத்திலேயே நிற்கிறாள் என்று போனை அவளிடம் கொடுத்தார்.

"மேடம், க்ளாஸ்ல நான் ஒருத்திதான் பொண்ணு! இன்னிக்கு இன்ஜின பிரிச்சிப் போடச் சொன்னாங்கோ. மொத ஆளா முடிச்சது யாரு தெரியுமா?"

"நீதானே!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.