திலகவதி ரீச்சரும் கொழும்பு நகர் முற்றுகையும்

கடைக் கதவை உயர்த்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து ரீச்சரின் தங்கை மகள் பேசினாள். "அங்கிள், பெரியம்மா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா." பாதி உயர்த்திய கதவை மறுபடி இறக்கினேன். ஊரடங்கு நாட்களிலேயே பக்கக் கதவால் சாமான் கொடுத்தவன் நான். அன்று கடை பூட்டு.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திலகவதி ரீச்சர் உயர்தர மாணவர்களுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் என்ற பாடத்தைத் தமிழில் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றியபோது ஒரு பையோடு கொழும்புக்கு வந்து, பாமன்கடையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்குக் குடியிருந்தார். வகுப்பும் அங்கேதான். அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் குறைவு. நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்றும் அவர்கள் கைக்கு வரவில்லை.

முதல் நாள் என் கடைக்குத் தாள் வாங்க வந்தவர், தாளைப் பார்க்காமல் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டாஞ்சேனையில் இருந்த என் முதற் கடை கலவரத்தில் எரிந்துபோனது. வெள்ளவத்தையில் மறுபடி தொடங்கியபோது 'கொட்டாஞ்சேனை ஸ்ரோர்ஸ்' என்ற பழைய பெயரையே எழுதுவித்திருந்தேன்.

"முதலாளி, கடை வெள்ளவத்தையில, பெயர் கொட்டாஞ்சேனை. ஆரை ஏமாத்திறீங்கள்?"

"ஆக்கள் பெயரைத் தேடித்தானே ரீச்சர் வருவினம்."

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டூலைப் போட்டு உட்கார்த்த வேண்டியதாயிற்று. "இந்த வேலையை உங்களுக்கு முன்னமே ஒரு கூட்டம் செய்திட்டுது" என்றார். உரோமாபுரி மேற்கே விழுந்த பின்பும், கிழக்கே புதுத் தலைநகரில் கிரேக்கம் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரம் வருடம் வரைக்கும் தங்களை உரோமர் என்றே சொன்னார்களாம். 'பைசாந்தியர்' என்பது அவர்கள் அழிந்த பிறகு பிறத்தியார் ஒட்டிய பெயராம். "தன்ர பெயரைக் கைவிடாதவன் லேசில அழியமாட்டான், முதலாளி."

இந்த அம்மா வெறும் வாத்தியார் அல்ல என்று அன்றே விளங்கியது. கிழக்கு உரோமம் வளர்ந்த கதையை அவர் ஒரு சிறு நூலாக எழுதியபோது, தாளை நான் தந்தேன். அச்சுக்குக் கொட்டாஞ்சேனையில் என் பழைய சிநேகிதன் மரியதாஸின் அச்சகம். பரீட்சைக்கு முன் புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே ரீச்சரின் நிபந்தனை.

மரியதாஸ் கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடிப்பவன். 'கொ-6' என்று எழுதிக்கொடுத்தால் 'கொழும்பு 6' என்று விரித்துக் கோப்பது அவன் கைப்பழக்கம். ரீச்சரோ, அந்தக் கிழக்குத் தலைநகரின் கொன்ஸ்தாந்திநோபிள் என்ற நீண்ட பெயரை ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பி, 'கொ. நகர்' என்று சுருக்கியிருந்தார். மிச்சத்தை நீங்களே ஊகிப்பீர்கள். நாங்கள் ஊகிக்கவில்லை. அவசரத்தில் ஒருவரும் புரூஃப் பார்க்கவில்லை.

அச்சடித்த கட்டுகளை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரீச்சரும் நானும் திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள் கட்டைப் பிரித்தார். நடுப்பக்கத்தில் ரீச்சர் கீறிய வரைபடம்: மதில், துறைமுகம், எதிரிக் கப்பல் நுழையாமல் குறுக்கே கட்டிய சங்கிலி. கான்ஸ்டபிள் உரத்து வாசித்தார்.

"கொழும்பு நகர் முற்றுகை... கடல் வழித் தாக்குதல்... யா அல்லாஹ்! டீச்சர், என்னது இது?"

ரீச்சர் எட்டிப் பார்த்து, "ஐயோ, மரியதாஸ்!" என்றார்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு ரீச்சரிடம் இருந்தது. ஆனால் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அந்நாளில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் வெளியே வந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் வரைபடத்தை மேசையில் விரித்தார். "மேக்க மொகக்த, நோனா? என்ன இது, அம்மா? கொழும்பைச் சுற்றி வளைக்கிற யோசனையா?" என்று சிங்களத்தில் கேட்டார். சிரிக்கவில்லை.

ரீச்சரின் சிங்களம் மரக்கறி வாங்கத்தான் காணும். என்னுடையது புறக்கோட்டை மொத்த வியாபாரச் சிங்களம். ஆகவே உரோமப் பேரரசு என் வாயில் கடையாயிற்று. "மாத்தயா, ஒரு பெரிய கடை. ஓர் ஆளால் கட்டி ஆள முடியாமல் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேற்கில் செலவு கூட, வரவு குறைவு. கூலிக்கு வைத்த காவற்காரரே முதலாளியைத் துரத்திவிட்டார்கள். கிழக்குக் கடை துறைமுகத்தடியில். எகிப்தின் தானியம், சிரியாவின் சாமான், போற வாற கப்பல் எல்லாம் அதன் வாசலால்தான்."

"என்ன முதலாளி சொல்றீங்கள்?"

"கடைக் கதை ரீச்சர்."

"பழைய சட்டமெல்லாத்தையும் திரட்டி ஒரே தொகுப்பாக்கினவை எண்டும் சொல்லுங்கோ. அதை விட்டிடாதேங்கோ!"

"ரீச்சர், முதல்ல வெளியில போவம்!"

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு எதிரிகள் இருந்தும் அந்தக் கிழக்குக் கடை எப்படி நின்று பிடித்தது?"

நான் அதைத் தமிழில் சொன்னதும், ரீச்சர் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்தார். "மதில் இருந்தது. காசு இருந்தது. ஆனா எல்லாரோடயும் எல்லா நாளும் அவை சண்டை பிடிக்கேல்லை. சண்டையை விடக் கதைக்கிறது மலிவெண்டு அவையளுக்குத் தெரியும்."

இதை அந்த அறையில் எப்படி மொழிபெயர்ப்பது?

"சொல்லுங்கோ முதலாளி. நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் வாசலில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். 'கொழும்பு' என்ற சொல் ஒரு பிரதியிலும் இருக்கக்கூடாது என்றார். அவ்வளவுதான்.

வெளியே வரும்போது ரீச்சர், 'போய்விட்டு வருகிறேன்' என்று விடைபெறும் ஊர்ப் பழக்கத்தில், கான்ஸ்டபிளைப் பார்த்து, "அப்ப, போட்டு வாறன்" என்றார். நான் அவர் குடையைப் பிடித்திழுத்தேன். "ரீச்சர், இங்க மட்டும் 'போறன்' எண்டு சொல்லுங்கோ!"

"வர வாணாம் டீச்சர், போங்க, போங்க!" என்று கான்ஸ்டபிளும் சிரித்தார்.

கறுப்பு மையால் அடிக்க ரீச்சர் விடவில்லை. "ஒரு நகரத்தை மை பூசி அழிக்கேலாது" என்றார். மரியதாஸ் சரியான பெயரைச் சிறு துண்டுகளாக அடித்துவந்தான். அனெக்ஸின் சிமெந்துத் தரையில் பிள்ளைகளோடு நாங்களும் குந்தியிருந்து பக்கம் பக்கமாக ஒட்டினோம்.

"கொ. எண்டால் கொழும்புதானே ரீச்சர்" என்று அவன் முனகினான்.

"ஓம் மரியதாஸ். நீர் தலைநகரை மாத்தின வேகத்தில கொன்ஸ்தந்தீன் ராசாகூட மாத்தேல்லை."

பரீட்சைக்கு முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் கிடைத்தது. அதன் பிறகு வந்த வருடங்களிலும் அதே புத்தகம்தான். ஒட்டிய துண்டை நகத்தால் கிளப்பி அடியில் என்ன என்று பார்க்காத மாணவர் இல்லை. பார்த்தவர் எவரும் அந்த நகரம் ஏன் வளர்ந்தது என்பதை மறந்ததுமில்லை. அந்தக் கான்ஸ்டபிளோ, சாவடியில் எங்கே கண்டாலும், "கொழும்பு நகர் டீச்சர், நீங்க போங்க" என்பார்.

இந்தப் பாடத்தால் யாருக்கு என்ன லாபம் என்று ரீச்சரை நான் பல தடவை சீண்டியிருக்கிறேன். "அண்டைக்கு உங்களை வீட்டை கொண்டுவந்து விட்டது எந்தப் பாடம்?" என்று திருப்பிக் கேட்பார்.

நேற்றுக் கனத்தை மயானத்தில் பழைய மாணவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். ஒருவன் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான், துண்டுகளின் ஓரமெல்லாம் கிளம்பிய பழம் பிரதி. 'கொழும்பு நகர்' என்று யாரோ மெல்லச் சொன்னதும், அழுதுகொண்டு நின்ற இடத்தில் ஒரு சிரிப்புப் பரவியது. மரியதாஸ்தான் முதலில் சிரித்தவன். அவன்தான் அதிகம் அழுதவனும்.

பெட்டியைத் தகன மண்டபத்துக்குள் எடுக்கும் முன் கிட்டப் போய் நின்றேன். பொலிஸ் வாசலில் நான் திருத்திவிட்ட சொல்லை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன், ரீச்சர். இங்க மட்டும் 'போறன்' எண்டு சொல்லாதேங்கோ. வழக்கம்போல, "போட்டு வாறன்" எண்டு சொல்லுங்கோ.