கம்ப்யூட்டர் அம்மாவும் காற்று மெஷினும்

அலுவலகத் தரை முழுக்க அச்சுத் தாள்களை விரித்துப் போட்டுவிட்டு, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் அவர். கால் வைக்க இடமில்லாமல் நான் வாசலிலேயே நின்றேன். "மிதிச்சிடாதீங்க சார், இதுல என் மானம் இருக்குது" என்றார், தலை நிமிராமலே. கம்ப்யூட்டர் அம்மாவை நினைத்தால் இன்றும் முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

வீட்டுக் காற்றுக்கும் கைக்குழந்தைகளின் இருமல் இளைப்புக்கும் என்ன தொடர்பு என்று காஞ்சிபுரத்தில் நடந்த ஆராய்ச்சியில் நான் மேற்பார்வையாளன். முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து தகவல்களைக் கணினியில் ஏற்றியவர் அவர். நெசவாளர் தெருக்களிலும், செவிலிமேட்டிலும், வாலாஜாபாத் அரிசி ஆலைகளை ஒட்டிய வீடுகளிலும் டிபன் டப்பா அளவுக்கு ஒரு மெஷினை மாட்டிவிட்டு வருவோம். காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று அது மணிக்கு மணி குறித்துக்கொள்ளும். சாயப் பட்டறை அடுப்பும் ஆலை உமியும்தான் குற்றவாளிகள் என்று முதல் நாளே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆராய்ச்சிக்கு முன்பே முடிவு தெரிந்த மகான் நான்.

ஆனால் பட்டறையும் ஆலையும் பக்கத்தில் இல்லாத பல வீடுகளில், வாரத்துக்கு இரண்டு நாள், காலை நேரத்தில் எண் மளமளவென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கியது. அத்தனையும் காஸ் அடுப்பு வீடுகள். கொசுவத்தி கிடையாது, பீடி கிடையாது. 'வீட்டுக்குள் புகை உண்டா?' என்ற கேள்விக்கு எல்லாத் தாய்மாரும் 'இல்லை' என்றே சொல்லியிருந்தார்கள். இவ்வளவு ஒழுங்காகப் புகை வராது, யாரோ எண்களை இட்டுக்கட்டியிருக்கிறார்கள் என்று சென்னைத் தலைமை அலுவலகம் முடிவு கட்டியது. எண்களைத் தொட்டவர் கம்ப்யூட்டர் அம்மா ஒருவர்தான். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தவன் நான். நெருப்பில்லாமல் புகையுமா என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் விளக்கம் எழுதவில்லை, அழவுமில்லை. எல்லாத் தாள்களையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே அங்கே இருப்பது ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று பேனாவால் குறித்தார். நான் வாசலில் நின்றது அன்றைக்குத்தான். சற்று நேரத்தில் கூப்பிட்டார்.

"இங்க வாங்க சார். செவ்வா வெள்ளி ஏறுற வீடெல்லாம் பொண்ணுங்க. புதன் சனி ஏறுறதெல்லாம் பையனுங்க. கொழந்தைக்கு எண்ணெ தேய்ச்சித் தலைக்கு ஊத்துற நாளு சார்! ஊத்திட்டு சும்மா உடுவாங்களா? சாம்பிராணி போடுவாங்க இல்ல?"

ஐம்பது வருஷம் இதே ஊரில் புதனும் சனியும் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை என்னுடையது. அதில் இது உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் இருவரும் செவிலிமேட்டில் ஒரு வீட்டுக்குப் போனோம். குளிர் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. தணலில் சாம்பிராணியைத் தூவி, எழுந்த புகைக்கு மேலே பையனைக் குப்புறப் பிடித்துத் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள் இளம் தாய். சுவரில் எங்கள் மெஷின். "பொகையே இல்லன்னு எழுதிக் குடுத்தியேமா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "இதுவா சார்? சாம்பிராணியப் போயி யாராவது பொகைன்னு சொல்லுவாங்களா?"

சென்னை அலுவலகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. பெரிய அதிகாரியே போனில் பாராட்டினார். கம்ப்யூட்டர் அம்மா குரலை உயர்த்தாமல் அவரிடம் சொன்னார்: "என்னை விடுங்க சார். அந்த அம்மாங்க யாரும் பொய் சொல்லலன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க. நாமதான் சரியா கேக்கல." அடுத்த படிவத்தில் சாம்பிராணிக்குத் தனிக் கேள்வி வந்தது. பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தேகப்பட்டவனுக்குப் பெருமைப்பட என்ன உரிமை என்று கேட்கலாம், ஆனாலும் பட்டேன்.

அதோடு அவர் வேலை முடிந்தது. அவர்தான் முடித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடுகளுக்கெல்லாம் தேடிப் போய் உட்கார்ந்து சொன்னார்: "சாம்பிராணிய சாமிக்குக் காட்டுமா, புள்ளைய இளவெயில்ல காட்டு." சிலர் கேட்டார்கள். சில மாமியார்கள், "எங்க புள்ளைங்க வளரலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவர் மறு வாரமும் போவார்.

நான் ஓய்வு பெற்றுச் செவிலிமேட்டில் இருக்கிறேன். அவர் இப்போது வேறு ஊரில், பெரிய பதவியில். போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெண், தலைக்கு ஊற்றிய குழந்தையைத் துண்டில் சுற்றி வெயிலில் வைத்துக்கொண்டு நின்றாள். சாம்பிராணி இல்லையா என்று கேட்டேன். "கொழந்தைக்கு அது ஆகாதே சார், தெரியாதா?" என்றாள். யார் சொன்னது என்றேன். "யாரு சொல்லணும்? இங்க எல்லாருமே இப்படித்தான்."

வீட்டுக்குப் போன கையோடு கம்ப்யூட்டர் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொழந்தைக்கு இருமல் இருக்குதான்னு கேட்டீங்களா சார்?" என்றார்.

கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பப் போனேன்.