ஓடை முகத்தின் சாம்பல் நிறம்

வெர்னா மே கிட்டெல்சன் (1924–2003).

மினசோட்டாவின் வடகோடியில், எங்கள் ஏரிக்கரையில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஏரியின் பனிப்பாளம் உடைந்து வண்டியோடு மூழ்கிய பின், உறைந்த ஏரியின்மேல் கால் வைப்பதையே அவர் தவிர்த்துவந்தார். கணவர் ஆர்வின் அதைக் கேலி செய்வார். ஆகவே தம் அச்சங்களை வெளியே சொல்வதையே வெர்னா விட்டுவிட்டார்.

1987 மார்ச்சில், குளிர்காலம் முழுதும் உறைந்த ஏரியின்மேல் நிறுத்தி, பனியில் துளையிட்டு மீன் பிடிக்கும் குடில்களை அகற்றும் கெடு நெருங்கியது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் தம் குடிலை இழுத்துவர ஆர்வின் முடிவு செய்திருந்தார். அதே வேளையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி, டெல்பின் ரஸ்க் என்ற பக்கத்து ஊர் ஓவியர் கொணர்ந்த நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அதில் உருவம் எதுவுமில்லை. வெள்ளையில் கசிந்து பரவிய சாம்பல். நடுவே இருண்ட திட்டு. தோன்றுவதைச் சொல்லுமாறு ஓவியர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் துவைச்ச சட்டை," என்றார் மேவிஸ். எல்லோரும் சிரித்தனர்.

"நீங்க சொல்லுங்க, வெர்னா," என்றார் ஓவியர்.

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தார். "ஓடை வந்து ஏரியில சேர்ற இடம். காலையில ஜன்னல்லேருந்து பார்த்தேன், இதே நிறம். மேகத்தோட நிழல்னு நினைச்சுக்கிட்டேன்."

"அது வெறும் வண்ணங்க. தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு."

"அதேதான். பனி மெலிஞ்சு அடியில தண்ணி," என்றவர், கோட்டைக்கூட எடுக்காமல் ஏரிக்கரைக்கு ஓடினார்.

ஆர்வினின் வண்டி ஓடை முகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மார்ச் மாதத்துப் பனியில் நாங்கள் எல்லோரும் ஓட்டுவதுபோல, பனி உடைந்தால் வெளியே குதிக்க வசதியாக இருக்கை வாரை அவிழ்த்து, கதவுக் கண்ணாடிகளை இறக்கி ஓட்டினார். வெர்னா கரையிலிருந்து கூவியது இயந்திர ஓசையில் எட்டவில்லை. அவர் பனியில் இறங்கினார். காலடியில் அது முனகியது. காலணிகளில் நீர் ஏறியது. பின்னோக்குக் கண்ணாடியில் அவரைக் கண்ட ஆர்வின் வண்டியை நிறுத்தினார்.

"பைத்தியமா உனக்கு? கோட்டு எங்க?"

"வண்டியைத் திருப்பு."

"குடில் அதோ நிக்குது பாரு. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"அப்போ நானும் ஏறிக்கிறேன். சேர்ந்தே போவோம்."

வெர்னா கதவில் கை வைத்தார். ஆர்வின் அவர் முகத்தையே பார்த்தார். பின் வண்டியைத் திருப்பி, அவரைப் பின்தொடர்ந்து கரையேறினார்.

திங்களன்று, பனி உடைந்து மூழ்கிய குடிலின் புகைக்குழாய் மட்டுமே வெளியே தெரிந்தது. எல்லோரும் வெர்னாவைப் பாராட்டினர். அவரோ, காலையிலேயே கண்டும் வாய் திறக்காதிருந்ததை எண்ணி உறக்கத்தில் அலறுவார் என்று ஆர்வின் சொன்னதுண்டு.

வெர்னா ஏரிப் பனியின்மேல் கடைசியாக நடந்தது அந்தச் சனிக்கிழமைதான், 1987 மார்ச் 14.